கடைசி சீட்டில் விஜயகுமாரி

எங்கள் கம்பெனி பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு யாரும் சண்டை போட மாட்டார்கள். பள்ளிகொண்டாவில் கிளம்பி, மாதனூர்ப் பக்கத்து ஊர்களில் ஆள் ஏற்றி, ஆம்பூரைத் தாண்டி ஃபேக்டரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கே உட்கார்ந்தவர்களின் இடுப்பு ஒரு வழியாகிவிடும். அந்த சீட்டுதான் சூப்பர்வைசர்களுக்கு. மரியாதை கொடுத்து ஒதுக்கினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிம்மதியாக ஊர்க்கதை பேச யாராலும் முடியவில்லை, அதனால் நாங்களாகவே பின்னால் ஒதுங்கினோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். தோல் வெட்டும் கட்டிங் பிரிவுக்கு நசீமுன்னிசா அக்கா. ஷூவின் மேல்பாகத்தை அச்சில் இழுத்து அடிப்பாகம் ஒட்டும் லாஸ்டிங்குக்கு மதியழகன். கடைசியாகப் பாலிஷ் போட்டுப் பெட்டியில் வைக்கும் ஃபினிஷிங்குக்கு நான், பாரதி. நடுவில் இருக்கும் தையல் லைனுக்கு வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. அந்த இடத்துக்கு வந்தவள்தான் விஜயகுமாரி.

மாதனூர் பக்கத்துக் கிராமம் அவளுக்கு. பள்ளிப்படிப்பு முடிந்ததும் ஹெல்பராகச் சேர்ந்து, கை முழுக்கப் பசை காய்ந்து உரிய, ஒரு வருஷத்தில் மெஷினில் உட்கார்ந்தவள். தைப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஓரத்தை ஒட்டி ஓடும் மெல்லிய தையல் அவள் கையில் ஒரு நூல்கூடப் பிசகாது. வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் மேனேஜர் தன்சீல் அகமது சார் அவளுடைய மெஷினிடம்தான் கூட்டிக்கொண்டு போவார். இத்தனை நன்றாகத் தைக்கிறாளே என்று அவளை சூப்பர்வைசர் ஆக்கி, இனிமேல் தைக்காதே என்று சொல்லிவிட்டார்கள். நல்ல சமையல்காரியைப் பிடித்துப் பந்தி விசாரிக்க அனுப்புகிற மாதிரியான புத்திசாலித்தனம் இது. எங்கள் நாலு பேரையும் இப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

பதவி வந்த முதல் வாரமே அவளுடைய பழைய கூட்டம் கலைந்தது. மதியச் சாப்பாட்டில் அவள் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுபோகும். காலை பஸ்ஸில் அவளுக்காகப் பை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தவர்கள் பை போடுவதை விட்டார்கள். சௌமியா மட்டும் விடவில்லை. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்; ஒருத்தியின் கல்யாணத்துக்கு இன்னொருத்தி தோழிப்பெண். ஆனால் சூப்பர்வைசருக்கு இடம் பிடிக்கிறாளே என்று மற்றவர்கள் சௌமியாவைக் குத்திப் பேச, அதைத் தாங்காமல் விஜயகுமாரியே ஒருநாள் எழுந்து பின்னால் வந்துவிட்டாள்.

"உக்காரு விஜி. ஜன்னல் பக்கம் மட்டும் கேக்காதே, அது எனக்கு" என்றார் நசீமாக்கா.

கடைசி சீட்டில் ஒரு சட்டம் இருந்தது. முதலில் நாங்கள் ஒருவருக்கொருவர் புத்தி சொல்லிக்கொண்டிருந்தோம். நான் மதியழகனுக்குச் சொல்ல, அவர் எனக்குச் சொல்ல, அது முற்றி ஒரு வாரம் முகம் பார்க்காமல் பயணம் செய்தோம். அதன் பிறகு நசீமாக்கா முடிவு கட்டினார்: இங்கே யாரும் யாருக்கும் புத்தி சொல்லக்கூடாது, தன் தலையில் விடிந்ததை மட்டும் சொல்லலாம், பஸ்ஸில் பேசியது ஃபேக்டரிக்குள் இறங்கக்கூடாது. எனக்கு இந்தச் சட்டத்தைக் கடைப்பிடிப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை. என் வாயைப் பற்றி என் வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும்.

கம்பெனியும் எங்களைக் கைவிட்டுவிடவில்லை. தலைமைப் பண்பு வளர்ப்பதற்கு என்று வேலூரில் ஓர் ஓட்டல் ஹாலுக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு போனார்கள். டை கட்டிய ஒருவர் எங்களைப் பந்து எறிந்து விளையாடச் சொன்னார். பின்பு கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாயச் சொன்னார், மற்றவர்கள் பிடிப்பார்களாம். நசீமாக்கா மரியாதையாக மறுத்துவிட்டார். பிரியாணி நன்றாக இருந்தது. மறுநாள் காலையில், இரண்டு பெண்கள் கழிவறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார்கள், டார்கெட் பாதியில் நிற்கிறது, இப்போது பந்தை யாரிடம் எறிவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதையெல்லாம் நாங்கள் தெரிந்துகொண்டது பஸ்ஸில்தான். நசீமாக்கா தன்னை எதிர்த்துப் பேசிய ஆளிடம் தான் எப்படிக் கத்தினார், கத்தியதில் எப்படி மூக்குடைந்தார் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். அன்றைக்கு நான் யாரிடமாவது கத்தப் போகும்போது அது ஞாபகம் வரும். சில நாள் ஞாபகம் வந்தும் கத்துவேன்.

விஜயகுமாரி மட்டும் எதுவும் சொல்ல மாட்டாள். "உன் லைன் எப்படிப் போகுது?" என்று கேட்டால், "நல்லாதான் போகுதுக்கா" என்று சிரிப்பாள். நாலு மாதம் அப்படியே சிரித்தாள். அவள் லைன் நன்றாகத்தான் ஓடியது. அது எப்படி ஓடுகிறது என்பதுதான் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

தெரிந்தது என் பிரிவில். ஆண்கள் போடும் பழுப்பு நிற ஷூ ஒரு பெரிய ஆர்டர், அந்த வாரக் கடைசியில் கப்பலுக்குப் போக வேண்டியது. கிரீம் தடவி பிரஷ் போட்டு எடுத்த ஜோடியை என் டேபிள் பெண் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். இடது கால் ஒரு பழுப்பு, வலது கால் வேறு பழுப்பு. அடுத்த ஜோடியும் அப்படியே. டியூப் லைட்டின் கீழ் ஒன்றாகத் தெரிந்ததெல்லாம் பாலிஷ் ஏறியதும் பல்லைக் காட்டியது.

ஏன் இப்படி ஆகும் என்பது இந்த ஊரில் தோல் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஒரே சாயத்தில் முக்கினாலும் ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு விதமாகச் சாயம் குடிக்கும். அதனால் ஒரு ஜோடிக்கு இரண்டு காலையும் ஒரே தோலிலிருந்துதான் வெட்டுவார்கள். வெட்டிய துண்டுகளில் ஜோடி எண் போட்டுக் கட்டாகக் கட்டித் தையலுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு கட்டிலும் எண் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். அதனால் ஒரு கட்டைத் தைத்து முடித்துத் திரும்பக் கட்டிய பிறகே அடுத்ததைப் பிரிக்க வேண்டும். ஆனால் கை வேகமான தையல்காரிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு மூன்று கட்டுகளை ஒன்றாகப் பிரித்து, இடது காலெல்லாம் ஒரே ஓட்டமாகத் தைத்துத் தள்ளிவிட்டு, அப்புறம் வலது காலை எடுப்பார்கள். துண்டைத் திருப்பித் திருப்பிப் பிடிக்கும் நேரம் மிச்சமாகும். திரும்பக் கட்டும்போது எண்ணை மட்டும் பார்த்து ஜோடி சேர்த்தால் தொலைந்தது. இந்தக் கட்டின் மூன்றாம் எண் இடதும் அந்தக் கட்டின் மூன்றாம் எண் வலதும் மாப்பிள்ளை பெண்ணாகிவிடும்.

கட்டுகளில் செருகியிருந்த சீட்டில் சௌமியாவின் மெஷின் எண் இருந்தது. தன்சீல் சார் அவளைக் கூப்பிட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் செய்யவில்லை என்றும் சொல்லவில்லை, செய்தேன் என்றும் சொல்லவில்லை. "நாளையிலேர்ந்து வர வேணாம்மா" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் லைன் சூப்பர்வைசராக விஜயகுமாரி நின்றுகொண்டிருந்தாள். அவளும் வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலை பஸ்ஸில் அவள் எங்கள் நடுவில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"நான்தான்க்கா தைச்சேன்" என்றாள்.

பிறகு எல்லாம் கொட்டியது. சௌமியாவுக்குக் கொஞ்ச நாளாகப் பார்வை மங்கல். ஊசி ஓடும் இடம் இரண்டாகத் தெரிகிறது. கண்ணாடி போட்டால் மெஷினிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் வீட்டில்கூடச் சொல்லவில்லை. விஜயகுமாரியிடம் மட்டும் சொல்லி, யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். சௌமியாவின் மெஷினில் வேலை தேங்கும்போதெல்லாம் விஜயகுமாரி அவளை டீ குடிக்க அனுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து தைத்திருக்கிறாள். நாலு மாதமாக லைன் ஓடியது இப்படித்தான். அன்றைக்கும் உட்கார்ந்தாள், அவசரத்தில் பழைய பழக்கப்படி மூன்று கட்டுகளைப் பிரித்தாள். அந்த நேரத்தில் லைனில் வேறு ஏதோ தகராறு, எழுந்து ஓடினாள். பாதியில் கிடந்ததை ஹெல்பர் எண்ணைப் பார்த்துக் கட்டி அனுப்பிவிட்டாள்.

"அவளுக்கும் தெரியும் நான்தான்னு. கண்ணு விஷயம் வெளியே வந்துடும்னு வாயே தொறக்கல. நானும் தொறக்கல. நான் இன்னா பொம்பளைக்கா?"

புத்தி சொல்ல என் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மதியழகன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "லாஸ்டிங் வந்த புதுசுல அமீர் பாஷான்னு ஒருத்தர். மெஷின் சூடு நான்தான் ஜாஸ்தி வெச்சேன். தோலெல்லாம் சுருங்கிப்போச்சு. அவர் மேல போட்டாங்க, நான் கம்முனு இருந்தேன். அவரை அனுப்பிட்டாங்க. இப்ப ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுகிட்ட பழ வண்டி வெச்சிருக்கார். என்னைப் பாத்தா சலாம் வெப்பாரும்மா. அந்தப் பக்கமே நான் போறதில்ல."

நசீமாக்கா, "நான் ஒரு தடவை சொல்லிட்டேன்" என்றார். "தப்பு என்னுதுன்னு போய் நின்னேன். இறக்கிட்டாங்க. ஒரு வருஷம் நான் வேலை சொன்னவங்ககிட்டயே வேலை கேட்டு நின்னேன். என் பொண்ணு புஷ்ரா ஸ்கூல்ல, உங்கம்மாவைக் கம்பெனியில இறக்கிட்டாங்களாமேன்னு கேட்டிருக்காங்க. உண்மையைச் சொன்னா மனசு லேசாயிடும்பாங்க. எனக்கு ஒண்ணும் லேசாகல விஜி. தூக்கம் மட்டும் வந்துச்சு."

விஜயகுமாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நான் இன்னாதான் பண்றது? ஒருத்தராச்சும் சொல்லித் தொலைங்களேன்!"

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் மூவரும் சும்மா இருந்தோம். மனிதர்களை இப்படி வதைக்கிற சட்டம் என்ன சட்டம் என்று எனக்கு அப்போது நசீமாக்காவின் மேல் ஆத்திரமாக வந்தது. இப்போது யோசித்தால், நாங்கள் அன்று ஒரு வழி சொல்லியிருந்தால் அவள் அதைச் செய்துவிட்டு, பின்னால் எது நடந்தாலும் எங்களைத் திட்டிக்கொண்டு தப்பித்திருப்பாள்.

மறுநாள் காலையில் நேராக தன்சீல் சாரின் அறைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டாள். ஏன் தைத்தாய் என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் சௌமியாவின் கண்ணைச் சொல்ல வேண்டும். சொன்னாள்.

அவர் கெட்டவர் இல்லை. கப்பலுக்குச் சரக்கு போகாமல் கழுத்தில் கத்தி இருக்கும் மனிதர். "உன்னை எடுத்தா அந்த லைனை யாரும்மா ஓட்டுறது? நீ இரு. இனிமே மெஷின்ல உக்காராதே" என்றார். "ஆனா கண்ணு தெரியாதவளை எப்படி வெச்சுக்கிறது? அவ போனது போனதுதான்."

விஜயகுமாரி வாயைத் திறந்ததில் அவளுடைய பதவி பிழைத்தது. சௌமியாவுக்கு இருந்த கொஞ்சநஞ்ச வழியும் அடைபட்டது. இதைவிடக் கேவலமாக ஒரு உண்மை பலித்து நான் பார்த்ததில்லை.

மதியம் விஜயகுமாரி கேண்டீனில் எங்கள் மூவரையும் தேடி வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. "எனக்குக் கதையும் வேணாம், புத்தியும் வேணாம். மறுபடி சார்கிட்ட போறேன், கூட வந்து நில்லுங்க" என்றாள்.

அந்த நாலு மாதத்தில் அவள் எங்களிடம் உதவி கேட்டது அதுதான் முதல் தடவை. யார் வேலை தேங்கினாலும் தானே உட்கார்ந்து முடித்துவிடுகிறவள், தன்னால் முடியாது என்று ஒத்துக்கொண்டு வந்து நின்றாள். நசீமாக்கா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். நானும் எழுந்தேன். மதியழகன் எழவில்லை.

"என் பேரு ஃப்ளோர் இன்சார்ஜ் பதவிக்குப் போயிருக்குது பாரதி. இந்த நேரத்துல..." என்றார். பழ வண்டிக்காரர் பேச்சை எடுத்து நன்றாக நாலு வார்த்தை கொடுக்கலாம் என்று திரும்பினேன். விஜயகுமாரி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று பேர் ஒன்றாக உள்ளே நுழைந்ததும் தன்சீல் சார், "இன்னா, சங்கமா?" என்றார்.

"இல்ல சார், கண்ணு விஷயம்" என்றார் நசீமாக்கா. "என் கட்டிங்ல பாதிப் பேரு கத்தியைக் கண்ணுக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டுதான் வெட்டறாங்க. நான் பாக்காத மாதிரி இருக்கேன்."

"என் டேபிள்ல கண்ணாடியை வாங்கிப் பைக்குள்ளயே வெச்சிருக்காங்க சார். நீங்க ரவுண்டு வந்தா கழட்டிடுவாங்க" என்றேன் நான். "சௌமியாவை அனுப்பறதுன்னா அவங்களையும் சேத்து அனுப்பணும். ஷூவுக்கு நீங்களும் நானும்தான் பாலிஷ் போடணும்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. விஜயகுமாரி ஓரடி முன்னால் வந்தாள். "எல்லாருக்கும் கண்ணு பாக்கச் சொல்லுங்க சார், மொதல்ல எங்களுக்கு. கண்ணாடி போட்டா வேலை போகாதுன்னு நீங்களே ஃப்ளோர்ல வந்து சொல்லணும். நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க. கொஞ்ச நாளைக்கு என் லைன்ல டார்கெட் கம்மியாத்தான் வரும். அதுக்கு என்னைத் திட்டுங்க. நான் இனிமே யாருக்கும் தைக்க மாட்டேன்."

உடனே ஒத்துக்கொள்ள அவர் என்ன சினிமா மேனேஜரா? இரண்டு நாள் இழுத்தார். மேலே பேசினார். கண் டாக்டர்கள் வந்து கேண்டீனில் எழுத்துப் பலகை மாட்டினார்கள். முதலில் உட்கார்ந்தது விஜயகுமாரி, அடுத்தது நாங்கள். எனக்கே கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். இவ்வளவு நாள் நான் எந்த அழகில் பாலிஷ் பார்த்தேனோ தெரியவில்லை. கடைசியில் சௌமியாவுக்குக் கண்ணாடி போட்டு வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். மெல்லிய தையலிலிருந்து ஷூவின் உள்பக்கத் துணி தைக்கும் மெஷினுக்கு மாற்றினார்கள். வேலை நிலைத்தது.

நாங்கள் வெற்றி பெற்ற மாதிரிதான் இருந்தோம். மதியழகன் நாலைந்து நாள் டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். அவருடைய இடத்தில் நான் என் பையை வைத்தேன். விஜயகுமாரி அதை எடுத்து என் மடியில் போட்டாள். "அவர் அன்னைக்கு அந்தக் கதையைச் சொல்லலைன்னா நான் காலைல சார்கிட்ட போயிருக்க மாட்டேன்" என்றாள். எனக்கு இன்றுவரை அந்த மனுஷன் மேல் கோபம் தீரவில்லை. ஆனால் பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். ஒருநாள் அவராக வந்து உட்கார்ந்தார்.

சௌமியா திரும்பி வந்த முதல் நாள், லைனில் விஜயகுமாரி அவளுடைய மெஷின் பக்கம் போயிருக்கிறாள். சௌமியா எழுந்து நின்றாளாம். பன்னிரண்டு வருஷத்தில் இவளைப் பார்த்து அவள் எழுந்து நின்றதே கிடையாது.

"உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்று மெதுவாகச் சொன்னாளாம். "இப்ப வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியுது. வீட்ல மாமியார், குருட்டை எங்க தலையில கட்டிட்டாங்கன்னு பேசறாங்க."

விஜயகுமாரி என்னவோ சொல்ல வாயெடுத்திருக்கிறாள். அதற்குள் சௌமியா உட்கார்ந்து மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அன்று மாலை பஸ்ஸில் இதை எங்களிடம் சொல்லிவிட்டு அவள் அழுதாள். அதுவரை யாரும் அந்த சீட்டில் அப்படி அழுததில்லை. ஆம்பூர் தாண்டி, மாதனூர் வரும் வரைக்கும் அழுதாள். நசீமாக்கா அவள் முதுகில் கையை வைத்தபடி இருந்தார். எங்களில் யாரிடமும் அதற்கு ஒரு கதை இல்லை. சிநேகிதியின் வேலையைக் காப்பாற்றி சிநேகிதியை இழந்தவர்கள் எங்களில் யாரும் இல்லை. இனிமேல் வேறு யாருக்காவது அப்படி நடந்தால், சொல்வதற்கு ஒரு ஆள் இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை பஸ் மாதனூரில் நின்றது. விஜயகுமாரி ஏறினாள். சௌமியா முன்பக்கம் புதுக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள், பக்கத்து இடம் காலியாக இருந்தது. விஜயகுமாரி அங்கே நின்றாள். பஸ்ஸே பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"கண்ணாடி உனக்கு நல்லா இருக்கு சௌமி" என்றாள்.

சௌமியா நிமிர்ந்து பார்த்தாள். "தேங்க்ஸ் மேடம்" என்றாள்.

பஸ் கிளம்பிவிட்டது. விஜயகுமாரி கம்பிகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்து எனக்கும் நசீமாக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வேலை இருக்குதுல்லக்கா அவளுக்கு?"

"இருக்குது" என்றேன்.